செவ்வாய்க்கிழமைப் பூஜ்யங்கள்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை என்றால் காலை ஏழரைக்கே சுகாதார நிலையத்து வாசலில் செருப்பு குவிந்துவிடும். மற்ற நாட்களில் வருகிற கூட்டம் வேறு. காய்ச்சல், பேதி, நாய்க்கடி, நிறைமாதக்காரிகள், கண்ணாடி குத்திய கால், உடம்புக்கு ஒன்றுமே இல்லாமல் சும்மா ஓர் ஊசி போட்டுக்கொண்டு போகலாம் என்று வருகிறவர்கள். இந்தச் செவ்வாய் மட்டும் வலிப்புக்காரர்களுக்கு. மொத்தம் எழுபத்திரண்டு பேர். "பிட்ஸ் நாள்" என்று வாசல் பெருக்குகிறவர் முதல் பெரிய சிஸ்டர் வரை எல்லோரும் சொல்வார்கள். டாக்டரம்மாவும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்.

டாக்டரம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. பார்க்கிறவர்கள் நாலைந்து கூட்டித்தான் சொல்வார்கள். இரண்டு டாக்டர் பார்க்க வேண்டிய இடத்தில் ஒன்பது வருடமாக ஒற்றை ஆளாக மாரடித்தால் யாருக்குத்தான் வயது கூடாது? இன்னொரு டாக்டர் வருகிறார், இதோ வருகிறார் என்று மேலிடத்திலிருந்து ஆறு வருடமாகக் கடிதம் வந்துகொண்டிருக்கிறது, டாக்டர்தான் வந்தபாடில்லை. அவருக்காக வாங்கிப் போட்ட நாற்காலியில் குளுக்கோஸ் பெட்டிகள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன.

அவருடைய களைப்பு தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை. காலையில் பல் தேய்க்கும்போதே பக்கத்தில் வந்து நிற்கும். சர்க்கரைக்காரர்களிடம் சொன்னதையே சொல்லி, ரத்தக்கொதிப்புக்காரர்களிடம் உப்பைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சி, யாரும் எதையும் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்தும் மறுநாள் மறுபடி சொல்லி, ஓய்ந்துபோயிருந்தார். வேலையை விடுவதாக இரண்டு முறை கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டு முறையும் கிழித்துப் போட்டிருக்கிறார். கிழிக்க வைத்தது இந்தச் செவ்வாய்க்கிழமை. தன் கையால் உருப்படியாக ஏதோ நடக்கிறது என்று அவர் நம்பியது இது ஒன்றைத்தான்.

அவர் மூளை வைத்தியம் படித்தவர் இல்லை. மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். முதல் நாள் வலிப்பு என்றால் என்ன, இரண்டாம் நாள் அதற்கு என்ன மாத்திரை, மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்தது. மூளை டாக்டர் என்று ஒருவர் இருப்பது பஸ்ஸில் ஆறு மணி நேரம் போனால் வருகிற பெரியாஸ்பத்திரியில். இங்கே இருப்பது ஒரே வகை மாத்திரை, அவசரத்துக்கு ஓர் ஊசி மருந்து, நீளமான ஒரு பதிவேடு. இதை வைத்துக்கொண்டுதான், காற்று கருப்பு பிடித்துவிட்டது என்று மூலையில் உட்கார வைக்கப்பட்டவர்களையும், வேலையிலிருந்து துரத்தப்பட்டவர்களையும், பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களையும் ஒவ்வொருவராகத் தேடிக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தியிருந்தார்.

பயிற்சியில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியிருந்தார்கள். மாத்திரை போட்டும் இரண்டு மாதம் தொடர்ந்து வலிப்பு வந்தால் நீங்களே வைத்துக்கொண்டு திண்டாடாதீர்கள், பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்புங்கள். டாக்டரம்மாவும் கடிதம் கொடுத்தார். ஜனங்கள் அதை வாங்கி அலமாரிக்கு மேல் செருகிவிட்டு அடுத்த மாதம் ஒன்றும் தெரியாததுபோல் வந்து நின்றார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், தானே ஒரு விதி போட்டார். கடிதம் வாங்கியவர்கள் பெரியாஸ்பத்திரி டாக்டரிடமிருந்து பதில் சீட்டு கொண்டுவந்தால்தான் இங்கே அடுத்த மாத்திரை. பெரிய சிஸ்டர் அதைக் கொட்டை எழுத்தில் எழுதி மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு மேல் ஒட்டினார். நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான், அதில் சந்தேகமே வேண்டாம். நல்ல எண்ணத்தில் போடுகிற விதிகளுக்கு எதிராக யாரும் வாயைத் திறக்க முடியாது என்பதுதான் அவற்றில் இருக்கிற கோளாறு.

விதி போட்ட நாலைந்து மாதத்தில் அதிசயம் நடந்தது. 'போன மாதம் வலிப்பு எத்தனை முறை' என்ற கட்டத்தில் மூன்று, ஐந்து, இரண்டு என்று கண்டபடி கிடந்த எண்கள் ஒன்றொன்றாகப் பூஜ்யமாயின. ஒரு வருடத்தில் பக்கம் முழுக்கப் பூஜ்யம். மேலிடத்து அதிகாரி ஒருவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு மூக்கின்மேல் விரல் வைத்தார். நாற்பது டாக்டர்கள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் டாக்டரம்மாவை மேடையேற்றி, எப்படிச் சாதித்தீர்கள் என்று பேசச் சொன்னார்கள். நேரந்தவறாத மாத்திரை, கொஞ்சம் கண்டிப்பு என்று பன்னிரண்டு நிமிடம் பேசிவிட்டு வந்தார். உச்சி குளிர்ந்துதான் போயிருந்தது. பாவம், அவருக்கும் வேறு எதில் குளிர்வது?

அந்தப் பூஜ்யக்காரர்களில் முதல் ஆள் இஸ்திரிக்காரி. இருபத்தெட்டு வயது. பேங்குக்கு எதிரே தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்துத் துணி தேய்க்கிறவள். இரண்டு வருடத்துக்கு மேலாக அவள் வரிசையில் பூஜ்யத்தைத் தவிர வேறொன்றும் விழவில்லை. அப்படி இருப்பவர்களுக்கு மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு முன்பு இரண்டு மாத்திரையை ஒன்றரை ஆக்கினார். பிறகு ஒன்று. பிறகு அரை. இன்று அந்த அரையையும் நிறுத்தப் போகிறார். வலிப்பு என்று வந்து, குணமாகி, மாத்திரையே இல்லாமல் போகிற முதல் ஆள். ஒன்பது வருடத்தில் ஒரே ஆள்! காலையில் தலை வாரும்போதே அதை நினைத்துக்கொண்டார். இன்றைக்கு ஒருவரையாவது 'இனிமேல் வர வேண்டாம் போ' என்று சொல்லி அனுப்பலாம்.

எட்டரைக்கு ஆரம்பித்தது. வேலை என்னவோ ஒரே மாதிரிதான்.

"பிட்ஸ் வந்துச்சா?"

"இல்லீங்க டாக்டரம்மா."

"மாத்திரை விடாம போடுறீங்களா?"

"போடுறேங்க."

"தூக்கம்?"

"அது பாட்டுக்கு வருதுங்க."

பூஜ்யம் போட்டு, சீட்டு எழுதி, அடுத்தவர். ஆளுக்கு இரண்டு நிமிடம். இடையில் பிரசவ அறையிலிருந்து ஒரு முறை கூப்பிட்டார்கள், ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி வாந்தியோடு வந்தாள், அவளைப் படுக்க வைத்துவிட்டு வந்தார். பதினொரு மணிக்கு முப்பதாவது பூஜ்யத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே வராந்தாவில் பெஞ்சு கவிழ்கிற சத்தமும், தொடர்ந்து தொப்பென்று ஓர் ஆள் விழுகிற சத்தமும் கேட்டன.

அந்தச் சத்தம் எதன் சத்தம் என்று டாக்டரம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பேனாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். "வாயில எதையும் வைக்காதீங்க! யாரும் அமுக்கிப் பிடிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டேதான் ஓடினார்.

கத்தியிருக்க வேண்டியதில்லை. விழுந்தவர் சைக்கிள் கடைக்காரர், ஐம்பது வயதுக்காரர், கை கால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஒருவர் பெஞ்சை நகர்த்தியிருந்தார். இன்னொருத்தி துண்டை மடித்துத் தலைக்கடியில் கொடுத்திருந்தாள். சட்டைக் காலரைத் தளர்த்தியாகிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவர் மனைவி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். ஓட்டலில் பரிமாறுகிற ஒருவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை இல்லை, கூச்சல் இல்லை. இழுப்பு நின்றதும் யாரும் சொல்லாமலே ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயைத் துடைத்துவிட்டார்கள். டாக்டரம்மாவுக்குச் செய்வதற்கு ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை.

தான் சொல்லிக் கொடுத்ததை ஓர் எழுத்து பிசகாமல் செய்கிறார்களே என்று முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை அரை நிமிடம்கூட நிற்கவில்லை. இரண்டு வருடமாக ஒருவருக்கும் வலிப்பு வராத கூட்டத்துக்கு இவ்வளவு கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது?

ஓட்டல்காரர் கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்கினார். "ரெண்டு நிமிஷம் பத்து செகண்டுதான். பரவால்ல. எப்பவும் இவருக்கு மூணு நிமிஷம் தாண்டிடும்" என்றார், ஆறுதல் சொல்கிற மாதிரி.

"எப்பவும்னா?" என்றார் டாக்டரம்மா.

ஓட்டல்காரருக்கு அப்போதுதான் தான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டார். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

சைக்கிள் கடைக்காரரை உள்ளே கட்டிலில் கிடத்திவிட்டு, டாக்டரம்மா அவருடைய பக்கத்தைத் திறந்தார். வரிசையாக இருபத்தாறு பூஜ்யம். அத்தனையும் அவருடைய கையெழுத்து. மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"உண்மையச் சொல்லுங்கம்மா. மாசம் எத்தனை தடவ வருது?"

"முன்னெல்லாம் ஒண்ணு, ரெண்டு. இப்ப ரெண்டு மூணு மாசமா ஜாஸ்தி ஆயிடுச்சுங்க." அவள் முந்தானை முடிச்சைப் பிரித்துப் பிரித்துக் கட்டினாள். "ராத்திரிக்கு ரெண்டு மாத்திர நீங்க எழுதுறீங்க. அவரு ஒண்ணுதான் போடுறாரு."

"ஏன்?"

"இன்னொண்ணு அந்தத் தேய்க்கிற பொண்ணுக்குப் போகுதுங்க. நீங்க அதுக்குக் குறைச்சுட்டீங்கல்ல? எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு ரெண்டு எடுத்து டப்பாவுல போட்டுக் கொடுப்பாங்க. இவரு கடையும் அது வண்டியும் பக்கத்துப் பக்கத்துல. அது விழறத இவரு கண்ணால பார்த்துட்டாரு. மனசு கேக்காம பாதிய அங்க கொடுத்துட்டு வந்து நிக்கிறாரு. சொன்னா கேக்குற ஆளா இவரு?"

டாக்டரம்மா பதிவேட்டில் இஸ்திரிக்காரியின் பக்கத்தைப் புரட்டினார். குறைத்தது அவர். குணமாகிவிட்டது என்று சந்தோஷமாகக் குறைத்தது அவர். ஒருத்தியின் மாத்திரையை அவர் வெட்ட வெட்ட, இன்னொருவர் தன் மாத்திரையை வெட்டிக் கொடுத்து, இன்று அவர் கட்டிலில் கிடக்கிறார். நடுவில் எவனாவது உயிரை விட்டிருந்தால்? சட்டென்று மருந்தை நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்து ஆள் போய்விடலாம் என்பது மூன்று நாள் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்த சங்கதி.

பெரிய சிஸ்டர் அலமாரி ஓரமாக நின்று பஞ்சைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டுவதற்கு அங்கே பஞ்சு எதுவும் மிச்சமில்லை.

"சிஸ்டர், இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும் மேடம்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

சிஸ்டர் யோசித்தார். "எல்லாம்னே வெச்சுக்கலாம் மேடம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஒரு தடவ ஆரம்பிச்சேன். கடிதம்னா ஜனங்க பயப்படுதுங்கன்னு சொன்னேன். நீங்க உடனே, அப்படின்னா இன்னும் பெரிய எழுத்துல எழுதி ஒட்டுங்கன்னு சொல்லிட்டீங்க. ஒட்டிட்டேன்."

டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய் எல்லோரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று கதவு வரைக்கும் போனார். இத்தனை வருடம் ராப்பகலாக யாருக்காக உழைத்தேன்? என்னை வடிகட்டின முட்டாளாக்கி நாற்பது டாக்டர்கள் முன்னால் பேச வைத்துவிட்டீர்களே? கேள்விகள் எல்லாம் தயாராக இருந்தன. கதவருகில் வரிசையின் முன்னால் இஸ்திரிக்காரி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் வெளியே வரவில்லை. விசாரணைக்கு வந்தவள்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உள்ள வா" என்றார்.

வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வலது முழங்கைக்குக் கீழே, முக்கோணமாகத் தோல் சுருங்கி மினுமினுத்தது. அந்தத் தீக்காயத்துக்கு நாலு மாதத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மருந்து போட்டுக் கட்டியது டாக்டரம்மாவேதான். எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு, பெட்டி பட்டுடுச்சு என்றாள். இஸ்திரி போடுகிறவள் கையில் பெட்டி படாமல் வேறென்ன படும் என்று அவரும் விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை தீக்காயப் பதிவேடு வேறு, செவ்வாய்க்கிழமை வலிப்புப் பதிவேடு வேறு.

"இது பிட்ஸ்ல பட்டதுதானே?"

"ஆமாங்க. பெட்டி மேலயே சாஞ்சுட்டேன். சைக்கிள் கடை அண்ணன்தான் ஓடியாந்து தூக்குனாரு."

"அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே! நான் ஒம்மாத்திரையக் குறைச்சுட்டே வரேன், நீ பாட்டுக்குத் தலைய ஆட்டிட்டுப் போறே. செத்துப்போயிருந்தா என்னடி பண்ணுவே?" 'டி' போட்டுவிட்டதை டாக்டரம்மா கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். அவளுக்கு அது திட்டாகப் படவில்லை போலிருக்கிறது. கட்டியிருந்த கையைத் தளர்த்திக்கொண்டாள்.

"சொன்னா கடிதம் கொடுப்பீங்க டாக்டரம்மா."

"கொடுத்தா போய்ப் பார்க்க வேண்டியதுதானே?"

"போனேனே. மூணு வருஷத்துக்கு முந்தி மொதல் ஆளாப் போனது நான்தானே. மூணு நாள் அங்க வராந்தாவுல படுத்துக் கிடந்தேன். நாலாம் நாள் பெரிய டாக்டரு பார்த்தாரு. நீங்க கொடுக்குற அதே மாத்திரயத்தான் காசு போட்டு வெளிய வாங்கச் சொல்லி எழுதினாரு, பேரு மட்டும் வேற. காசுக்கு நான் எங்க போறது? பதில் சீட்டு கேட்டேன். சீட்டுல சீல் வைக்கிறவரு லீவு, அடுத்த வாரம் வான்னுட்டாங்க. இங்க வந்தா சீட்டு இல்லாம மாத்திர இல்ல. பதினோரு நாள் ஒரு மாத்திர இல்லாம இருந்தேன். பஸ் ஸ்டாண்டுல, அவ்வளவு ஜனத்துக்கு நடுவுல விழுந்தேங்க. துணி நனைஞ்சு..." அவள் நிறுத்திக்கொண்டாள். "அதுக்கப்புறம் வரிசையில நிக்கிறவங்க எல்லார்கிட்டயும் நான்தான் சொன்னேன். யாரும் வாயத் திறக்காதீங்க, இல்லன்னே சொல்லிடுங்கன்னு."

ஆக, அதிசயத்தின் ஊற்றுக்கண் எதிரே உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சீல் வைக்கிறவர் லீவு. இந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு யார்மேல் கோபப்படுவது?

"அந்த மாத்திரைக்காகத்தான் பொய் சொன்னீங்க. சரி. ஆனா இவ்வளவு நாளா? இந்த அறையில, என் மூஞ்சியப் பார்த்து, மாசா மாசம்?"

இஸ்திரிக்காரி தயங்கினாள். பெரிய சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"மொதல்ல மாத்திரைக்காகத்தாங்க. அப்புறம் உங்களுக்காகவும்தான்."

"எனக்காகவா?"

"கோச்சுக்காதீங்க. நாங்க உள்ள வரும்போது நீங்க குனிஞ்சு எழுதிக்கிட்டே இருப்பீங்க. தலையத் தூக்க மாட்டீங்க. முகமெல்லாம் செத்துப்போயி இருக்கும். பிட்ஸ் இல்லீங்கன்னு சொன்னா மட்டும் தலையத் தூக்கிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பீங்க. வெளிய போயி நாங்க பேசிக்குவோம். பாவம், அந்தம்மாவுக்கு இதத் தவிர என்ன சந்தோஷம் இருக்கு, நாம ஏன் அதையும் கெடுக்கணும்னு."

டாக்டரம்மா எழுபத்திரண்டு பேரைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், வலிப்பும் வந்துகொண்டு, தீக்காயமும் பட்டுக்கொண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு பதிவேட்டை இழுத்து வைத்துக்கொண்டார். யோசித்தால் தலை சுற்றியது. குணமானவர்கள் அதிகம் என்று கணக்குச் சொல்லி, மாத்திரை குறைவாகப் போதும் என்று அவரே எழுதி அனுப்பியிருக்கிறார். இப்போது எல்லோருக்கும் கூட்ட வேண்டும். அதிகாரியிடம் அத்தனையும் பொய் என்று எழுத வேண்டும். அவர் ஏன் எதற்கு என்று குடைந்தெடுப்பார். வேறு மாத்திரை கேட்டுச் சண்டை போட வேண்டும். பெரியாஸ்பத்திரிக்குத் தானே போன் போட்டுக் கேட்க வேண்டும், அதை யாராவது எடுக்க வேண்டும். எல்லாம் தலைக்கு மேல் வேலை. அதை நினைக்கும்போதே இடுப்பு வலித்தது.

"சிஸ்டர், ஜன்னலுக்கு மேல ஒட்டினதக் கிழிச்சுப் போட்டுடுங்க."

"நல்லா ஒட்டியிருக்கு மேடம். சுரண்டணும்."

"சுரண்டுங்க."

சிஸ்டர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"கடிதம் கிடையாது. மாத்திரை நிக்காது. பழையபடி ராத்திரிக்கு ரெண்டு, இன்னிலேர்ந்தே. அந்த டப்பாவுல மிச்சம் இருக்கறத இங்க கொண்டுவந்து கொடுத்துடு. பெட்டிகிட்ட நிக்கிறப்போ என்ன பண்றதுன்னு அப்புறம் உட்கார்ந்து பேசுவோம். இப்பச் சொல்லு. போன மாசம் எத்தனை தடவ?"

இஸ்திரிக்காரி அவருடைய முகத்தையே பார்த்தாள். சொன்னால் அந்த முகம் என்ன ஆகுமோ என்று பயந்தாள். அது டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"நாலுங்க" என்றாள், குரலே எழும்பாமல்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு எங்கிருந்து வரும்? இருந்தாலும் தலையைத் தூக்கி, அவள் கண்ணைப் பார்த்து, எங்கெங்கேயோ தேடிப்பிடித்து ஒரு சிரிப்பைக் கொண்டுவந்து முகத்தில் வைத்தார். அவள் எழுந்து போகும்வரை அதைக் கீழே விடவில்லை.

ஆள் வெளியே போன ஒரு நிமிடத்தில் வராந்தாவில் குசுகுசுவென்று பேச்சு ஓடியது, வரிசையின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பியது. அடுத்து ஓட்டல்காரர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேள்வி வருவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"எனக்கு ஒம்பதுங்க டாக்டரம்மா!" என்றார், வாயெல்லாம் பல்லாக.